கார்டு ஆரோக்கியசாமியின் கைச்சுருள்

தெலுங்கும் உருதுவும் கலந்து பேசுகிற மௌலா அலியில் இறங்கி ஆரோக்கியசாமி வீடு எது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. கார்டு சாமி வீடு என்று கேட்டுப் பாருங்கள், பால்பூத்காரர் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து வழி காட்டுவார். தண்டவாளத்தை ஒட்டிய சந்தில் கடைசி வீடு. அவர் ரிடையர் ஆவதற்குக் கொஞ்ச காலம் முன்னால் ரயில்வேயில் கார்டு என்ற பெயரை எடுத்துவிட்டு டிரெயின் மேனேஜர் என்று வைத்தார்கள். அவர் மனைவி லூர்துமேரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "மேனேஜர் ஆயிட்டீங்க, ஹவ், ஆமா, ரொம்ப சந்தோஷம். இனிமேலாவது முன்னாடி பெட்டியில ஏத்துவாங்களா?" என்று கேட்டாள். எங்கே ஏற்றினார்கள்! கடைசி நாள்வரை கடைசிப் பெட்டிதான்.

சரக்கு வண்டியின் வாலில் ஒட்டிக்கொண்டு போகுமே ஓர் இரும்புக் கூண்டு, அதுதான் பிரேக் வேன். பாதி அறை, பாதி வராந்தா. மின்விசிறி கிடையாது, பேச்சுத்துணை கிடையாது. முன்பக்கம் எட்டிப் பார்த்தால் நிலக்கரிப் பெட்டியின் முதுகு. பின்பக்கம் பார்த்தால் உலகம். எஞ்சினில் இருக்கிறவருக்கு ஊர் எதிரே வரும். கார்டுக்கு ஊர் விலகிப் போகும். பாறையோ, பனையோ, கேட்டில் காத்து நிற்கிற பஸ்ஸோ, தன்னைத் தாண்டிப் போன பிறகுதான் அவர் கண்ணில் படும். பட்ட கையோடு சின்னதாகிக்கொண்டே போய் மறைந்துவிடும். மௌலா அலிக்கும் காஜிப்பேட்டைக்கும் நடுவே மனுஷனுடைய வயசுக்காலம் இப்படித்தான் கழிந்தது.

டியூட்டி முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்ததும் லூர்துமேரி கேட்பாள். "இன்னிக்கு என்னங்க பாத்தீங்க?"

"என்னத்தப் பாக்குறது? லைன்தான்."

"லைனைத் தவிர?"

"லைனைத் தவிர லைன்தான். ரசம் ஊத்து."

பார்க்காதவர் இல்லை. மழையில் நனைந்து கறுத்த புவனகிரிக் கோட்டைப் பாறையைப் பார்த்தவர்தான். மார்கழிக் காலையில் ஆலேர் பக்கம் வயல் வரப்பு எல்லாம் பனியில் மறைந்து பனங்கொண்டைகள் மட்டும் அந்தரத்தில் மிதப்பதை வாய் பிளந்து பார்த்தவர்தான். அதைச் சொல்லத்தான் வாய் வராது. வாயில் கொழுக்கட்டையா என்று அவளும் திட்டிப் பார்த்தாள். "ஒரே ஒரு தடவை என்னை அந்த வேன்ல ஏத்திக்கிட்டுப் போங்களேன்" என்று கெஞ்சியும் பார்த்தாள். "ரூல் இல்ல மேரி, நக்கோ, வேணாம்" என்று முடித்துவிட்டார்.

வேனில் ஏற முடியாதவள் மொட்டை மாடியில் ஏறினாள். அவர் வண்டி வீட்டைத் தாண்டும் நேரம் தெரிந்தால், அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு மாடிக்கு ஓடி, தோளில் கிடக்கிற துண்டை எடுத்து வீசி வீசி ஆட்டுவாள். வண்டி முழுக்கப் போய், கடைசியில் பிரேக் வேன் வரும். அதில் நிற்கிற மனுஷன் பச்சைக் கொடியை விறைப்பாக நீட்டிக்கொண்டு சிலை மாதிரிப் போவார். ஒரு கை உயராது, தலைகூட அசையாது. தன்னைப் பார்க்கவே இல்லை என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள். கேட்டதும் இல்லை. கேட்டால் லைன்தான் பார்த்தேன் என்பார், எதற்கு வம்பு!

ரிடையர் ஆகி வீட்டில் உட்கார்ந்தவரை அவளே விரட்டினாள். "குக்கர் விசில் அடிச்சாக்கூட எழுந்து நிக்கிறீங்க. எங்கயாவது போய் உக்காருங்க." பேகம்பேட்டில் ஒரு கம்பெனி ஆபீசின் கீழ்த்தளத்தில் முதலாளி ஆசையாக வைத்திருந்த படக்கூடம் ஒன்று இருந்தது. அங்கே செக்யூரிட்டி வேலை கிடைத்தது. ஒரு நாற்காலி, குளிர்ந்த காற்று, யாரும் படத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது, அவ்வளவுதான். அந்த வருஷம் முழுக்கச் சீனத்து ஓவியங்கள் வைத்திருந்தார்கள். நகல்கள்தான், ஆனாலும் பட்டிலும் தாளிலும் பழைய முறைப்படியே செய்தவை. வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்ல அஸ்வினி என்று ஒரு கோயம்புத்தூர்ப் பெண் இருந்தாள்.

ஸ்டேஷனில் அறிவிப்புக் கேட்கிற மாதிரி அவள் சொல்வதை அவர் தினமும் கேட்டார். "ஆரம்பத்துல கல்லறைச் சுவர்லயும் பட்டுத்துணிலயும் ஆளுங்களைத்தாங்க வரைஞ்சாங்க. ராஜா, ராணி, குதிரை. காலம் போகப்போக மனுசன் சின்னதாயிட்டான், மலை பெருசாயிருச்சு. அதுக்கப்புறம் படிச்சவங்க சிலபேரு அரண்மனை வேலையே வேண்டாமுன்னு ஒதுங்கி, வெறும் கறுப்பு மையில, சிநேகிதங்களுக்குன்னு வரைய ஆரம்பிச்சாங்க." பிறகு ஒவ்வொன்றாகக் காட்டுவாள். சுவரில் நெட்டுக்குத்தாகத் தொங்குவது தொங்குசுருள். விருந்தாளி வந்தால், பருவம் மாறினால் எடுத்து மாட்டி, பிறகு சுருட்டி வைத்துவிடுவார்களாம். வட்ட விசிறியில் ஒரு குருவி. மடியில் வைத்துப் புரட்டுகிற ஏடுகள். அறையை இரண்டாக மறைக்கிற மடிப்புத் தட்டி.

மத்தியான வேளையில் கூடத்தில் ஆள் இருக்காது. நல்ல படம் என்றால் அதற்குள் நடக்கத் தோன்ற வேண்டும் என்று அஸ்வினி சொல்லியிருந்தாள். நம் ஆள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே நடந்தார். தொங்குசுருளின் அடியில் ஒரு ஒற்றையடிப் பாதை, மரப்பாலம், ஒரு குடிசை, அதில் யாரோ தேநீர் வைக்கிறார்கள். அதற்கு மேலே வெண்மை. ஒன்றுமே வரையாமல் விட்ட வெண்மை. அதைத் தாண்டினால் எங்கோ உயரத்தில் மலை மறுபடி தொடங்கும். அந்த வெண்மைக்குள் போனதும் கால் எங்கே படுகிறது என்று தெரியாது. ஆலேர் பனங்கொண்டைகள் பக்கத்தில் மிதந்து போகும். விழித்துப் பார்த்தால் நேரம் நாலாகியிருக்கும்.

"இது பனியா, தண்ணியாம்மா?" என்று ஒருநாள் அவளிடம் கேட்டார்.

"நீங்க எதுன்னு நினைக்கறீங்களோ அதுங்க அங்கிள்."

அவர் உயிரை வாங்கியது நடுமேஜையில் கண்ணாடிக்குள் கிடந்த கைச்சுருள். பாய் மாதிரி நீளம்; ஆனால் ஒரு கை அகலம்தான் திறந்திருக்கும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அஸ்வினி வலது பக்கத்தைச் சுருட்டி, இடது பக்கத்தில் அதே அளவு விரித்து வைப்பாள். ஒரு வாரம் முழுக்கப் பாலத்தின் நடுவில் குடையோடு ஒருத்தன் நின்றான். பாலத்துக்கு அந்தப்புறம் என்ன என்று தெரியாமல் ஆரோக்கியசாமிக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

"ஒரேயடியா விரிச்சிட்டா என்னம்மா?"

"விரிச்சா ருசியே போயிருமுங்க. வலது கையில பார்த்ததைச் சுருட்டிக்கிட்டே, இடது கையில பார்க்காததை விரிக்கணும். ஒரு சமயத்துக்குக் கொஞ்சம்தான் தெரியோணும்."

"அட, நம்ம பிரேக் வேன்!" என்று சொல்லிவிட்டார். அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் இன்னொன்று சொன்னாள். சுருளின் கடைசியில், இடது ஓரத்தில், வெறும் தாளைச் சேர்த்து ஒட்டியிருப்பார்களாம். பார்த்தவர்கள் மனசில் பட்டதை அங்கே எழுதிச் சிவப்பு முத்திரை குத்துவார்களாம். எத்தனையோ தலைமுறை கழித்து இன்னொருத்தர் பார்த்து, பக்கத்திலேயே எழுதுவாராம்.

இந்தச் சமயத்தில்தான் லூர்துமேரி நிலைப்படியில் முட்டிக்கொள்ள ஆரம்பித்தாள். எதிரே இருப்பது தெரிகிறது, பக்கத்தில் வருவது தெரிவதில்லை. "வளையலுக்குள்ள எட்டிப் பாக்குற மாதிரி இருக்குங்க" என்றாள். கண்ணில் அழுத்தம் ஏறி, ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே வருகிறது என்றார் டாக்டர். போனது போனதுதான். சொட்டு மருந்துக்கு அடங்கவில்லை; ஈஸ்டர் முடிந்ததும் ஆபரேஷன் செய்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். அரிதாக, அந்த ஆபரேஷனிலேயே மிச்சமும் போய்விடுவது உண்டு. செய்யாவிட்டால் நிச்சயம் போகும். இதற்கு மேல் அவரும் என்ன சொல்வார்!

ஆட்டோவில் திரும்பும்போது லூர்துமேரி சொன்னாள். "கண்ணு போறதுகூடப் பயமில்லைங்க. காலமெல்லாம் உங்ககூட இருந்துட்டு, நீங்க பாத்தது எதையும் நான் பாக்கலியே. அதை நெனச்சாத்தான் வயிறு எரியுது."

அவர் மறுநாள் கைச்சுருள் மேஜைக்கு முன்னால் போய் நின்றார். ஒரு கை அகலம். ஒரு வளையல் அளவு. சுவரில் எவ்வளவு பெரிய படத்தை மாட்டினாலும் மேரிக்கு அதில் துண்டுதான் தெரியும். இது துண்டு துண்டாகப் பார்க்கவே பிறந்த படம். வாயால் சொல்லத் தெரியாதவன் கையால் சொல்லிப் பார்க்கலாமே என்று தோன்றியது. ஈஸ்டருக்குள் முடித்தாக வேண்டும்.

வரையத் தெரியுமா? எங்கே தெரியும்! பள்ளிக்கூடத்தில் மாம்பழம் வரைந்ததோடு சரி. அஸ்வினி பழைய பிரஷ் ஒன்றும் மையும் கொடுத்து, பிடிக்கிற விதத்தைக் காட்டினாள். சுல்தான் பஜாரில் கனத்த தாள் சுருள் வாங்கினார். நீளமாகச் சேர்த்து ஒட்ட மைதாப் பசை காய்ச்சினார். இரண்டு முனைக்கும் கோல் வேண்டுமே? அவருடைய பழைய சிவப்புக் கொடிக் குச்சியும் பச்சைக் கொடிக் குச்சியும் பரணில் கிடந்தன. அளவெடுத்துச் செய்த மாதிரிப் பொருந்தின.

பாறை தங்கமான பிள்ளை. எப்படிக் கோணலாக வரைந்தாலும் பாறையாகவே இருந்தது. பனை கொஞ்சம் படுத்தியது. மனுஷ உருவம்தான் கொன்று எடுத்தது. பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு வரைவார். வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் மெல்லக் குலுங்குகிற வேனில் நிற்கிற நினைப்புதான். தண்டவாளம் காலடியிலிருந்து கழன்று கழன்று ஓடும்.

"பின் ரூம்ல மைதா வாசனை தூக்குது. எலெக்ஷன்ல நிக்கிறீங்களா, போஸ்டர் ஒட்டப் போறீங்களா?" என்று லூர்துமேரி சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள்.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதற்கு முந்தின நாள்தான் முடிந்தது. காலையில் கடைசி முறையாக வலதிலிருந்து இடதுவரை ஓட்டிப் பார்த்தார். திருப்தியாக இருந்தது. அப்படியே நாடாவால் கட்டினார். அங்கேதான் மனுஷன் கோட்டை விட்டார். பார்த்து முடித்தால் திரும்ப முதலுக்குச் சுற்றி வைக்க வேண்டும். கார்டு வேலை வண்டி போய்ச் சேருகிற ஸ்டேஷனோடு முடிந்துவிடும். வண்டியைத் திருப்புவது வேறு ஆளின் வேலை. பழக்கதோஷம், சுருளையும் போய்ச் சேர்ந்த இடத்திலேயே விட்டுவிட்டார்.

மத்தியானம் வெளிச்சம் நன்றாக விழுகிற முன்னறை மேஜையில் துவைத்த போர்வையை விரித்து, சுருளை அவள் முன்னால் வைத்தார்.

"மேரி, என்ன பாத்தீங்கன்னு கேப்பியே. இதுல இருக்கு. மெதுவா விரி" என்று சொல்லிவிட்டு அவள் கண்ணாடியை எடுக்க உள்ளே போனார். அவளுக்குப் பொறுக்குமா? நாடாவை அவிழ்த்தாள். தமிழ் படித்த கை, இடது ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வலப்பக்கம் விரித்தது.

"என்னங்க, வெள்ளையா இருக்கு. ஒண்ணுமே தெரியல."

உள்ளேயிருந்து ஓடி வந்தார். "நல்லாப் பாரு மேரி."

"நல்லாத்தான் பாக்குறேன். ஒரே வெள்ளை."

வளையல் மூடிவிட்டது. ஒரே ஒரு நாள் பொறுக்காமல் மூடிவிட்டது. பாவி, நேற்றே அரைகுறையாகவாவது காட்டியிருக்கக்கூடாதா என்று ஆரோக்கியசாமி தன்னையே சபித்துக்கொண்டு, மேஜையைப் பிடித்து நின்றார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் அவள் கையைப் பார்த்தார். அவள் இடது கையில் இருந்தது சிவப்புக் கொடியின் குச்சி. அது கடைசி முனை. பார்த்தவர்கள் எழுதுவதற்கென்று அவரே ஒட்டி வைத்த வெறும் தாளைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடி ஆத்தாடி! அது வெள்ளைத் தாளுதான் மேரி! உனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது!" என்று கத்தினார். "குடு, குடு, தப்பாச் சுத்திட்டேன். அது கடைசிப் பக்கம். திருப்பிச் சுத்தித் தர்றேன்."

"இருங்க" என்று அவள் அவர் கையைத் தட்டிவிட்டாள். "ஏதோ வருது."

வெண்மைக்குள்ளிருந்து ஒரு கறுப்புக் கொண்டை வந்தது. இன்னொன்று. பனைமரங்கள் வேர் இல்லாமல் மிதந்தன. அவள் விரிக்க விரிக்கக் கீழே இறங்கி மண்ணைத் தொட்டன. பிறகு வயல், ஒரு மாடு. பிறகு மறுபடி வெண்மை. அதன் நடுவில் ஒரு சின்னக் கூழாங்கல். விரிக்க விரிக்க அது வளர்ந்து புவனகிரிப் பாறையாக எழுந்து நின்றது.

அவர் வரைந்ததோ விலகிப் போகிற ஊர்களை. முறைப்படி வலதிலிருந்து பார்த்திருந்தால் ஒவ்வொன்றும் பெரிதாக நின்று, சிறுத்து, மறைந்திருக்கும். அவள் கடைசி முனையிலிருந்து வந்ததால் எல்லாம் மாறிவிட்டது.

"எல்லாம் என்னையே பாத்து வருதுங்க" என்றாள் லூர்துமேரி, சின்னப்பெண் மாதிரி.

அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தான் போட்ட கோடுகள்தான். ஆனாலும் இதற்கு முன் பார்த்ததில்லை. பிறந்ததிலிருந்து முதல்முறையாக அந்த லைனில் முன்பக்கம் பார்த்துக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. கட்கேசர் கேட்டில் நின்ற பஸ் வந்தது, சீத்தாப்பழப் புதர்கள் வந்தன, மெல்ல மெல்ல மௌலா அலி மலையும் அதன் மேல் தர்காவும் வந்தன. மலைக்கு முன்னால் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. அது துண்டாயிற்று. துண்டுக்குக் கீழே ஒரு கை, அப்புறம் ஒரு மொட்டை மாடி, மாடியில் ஒரு பெண்பிள்ளை.

"யாருங்க இவ, பைத்தியக்காரி மாதிரி துண்டைச் சுத்திக்கிட்டு?" என்றவள் சட்டென்று நிறுத்தினாள். விரலால் அந்த மாடியைத் தடவினாள். சுருளின் ஓரத்தில் வேனின் கம்பி, ஒரு கை, அந்தக் கையில் படம் முழுக்க இருந்த ஒரே வண்ணமாக ஒரு பச்சைக் கொடி.

"பாத்தீங்களா என்னை?"

"ஒவ்வொரு தடவையும்."

"அப்ப கையைத் தூக்கினா என்ன, குறைஞ்சா போயிடுவீங்க?"

"ஒரு கையில ஸ்டேஷனுக்குக் கொடி காட்டணும் மேரி. ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கினா ரயில்வேல அது டேஞ்சர் சிக்னல். வண்டியை நிறுத்தணும். எதையாவது வேகமா ஆட்டினாலும் அதேதான். நீ துண்டை ஆட்டினியே, அதுவே ரூல்படி டேஞ்சர்தான். நான் ரிப்போர்ட் பண்ணாம விட்டேன்."

"நிறுத்தியிருக்க வேண்டியதுதானே!" அவளுக்குக் கண்ணில் நீர் கொட்டியது, சிரிப்பும் வந்தது. "ஒரு நாளாவது நிறுத்தியிருக்கணும்யா நீங்க."

அந்த வெள்ளைத் தாள் எதற்கு என்று அவர் விளக்கியதும், பேனா கேட்டு வாங்கி, மூக்கு தாளில் உரசக் குனிந்து எழுதினாள். 'லைன் மட்டும் இல்லை. லூர்துமேரி.' சிவப்பு முத்திரைக்குச் சமையலறையிலிருந்து பீட்ரூட் துண்டைக் கொண்டு வந்து, கட்டைவிரலில் தேய்த்து அழுத்தினாள்.

ஆபரேஷன் என்ன ஆயிற்று என்று துடிப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடலாம்: நல்லபடியாக முடிந்தது, இருந்த வட்டம் இருந்தபடியே நின்றது. ஆனால் அதெல்லாம் அப்புறம். அன்று காலையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபோது யாருக்கு என்ன தெரியும்?

மகன் மோகன் ராமச்சந்திராபுரம் ஃபாக்டரியில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தான். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிற பிள்ளை. "நான்னா, கூர்ச்சோண்டி" என்று அப்பாவை உட்காரச் சொல்லி நாற்காலியைக் காட்டினான். அவர் உட்காரவில்லை. லூர்துமேரியைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, வார்டுபாய் லிஃப்டுக்குக் கொண்டு போனார். லிஃப்ட் வாசலில் சக்கரம் தடுக்கும் என்று நாற்காலியைத் திருப்பி, பின்பக்கமாக இழுத்துக்கொண்டே போனார். அதனால் அவள் முகம் இவர்கள் பக்கமே இருந்தது. அவளுடைய வளையலுக்குள் ஆரோக்கியசாமி முழுசாக நின்றார். பிறகு சின்னதாகிக்கொண்டே போனார்.

அவர் நடு வராந்தாவுக்கு வந்தார். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார்.

"ஏமைந்தி நான்னா?" என்று, என்ன ஆச்சோ என மோகன் பதறினான். நர்சுகள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையை இறக்கவில்லை.

லூர்துமேரி காலைத் தரையில் ஊன்றினாள். "ஜரா ருக்கோ பையா" என்று வார்டுபாயைக் கொஞ்சம் நிற்கச் சொன்னாள். "டேஞ்சர் சிக்னல் ஹை."

அந்த மனுஷர் ஒன்றும் புரியாமல் நாற்காலியை நிறுத்தினார்.